சுவரொட்டியும் பாடலும்: ரூபென் பிளேட்ஸ் குறித்துச் சில குறிப்புகள்

எண்பதுகளின் இறுதியில் ஒஸ்லோவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்று கழுவியவர் சிலி நாட்டு அகதி, பினோசேயின் ஆட்சிக்குத் தப்பி வந்தவர். ஒரு நாள் அவர் கொண்டுவந்த கசெற்றில் ஒரு பாட்டு ஓடியது. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த அரைகுறை நோர்வேஜிய மொழியில் அதன் பொருளைச் சொன்னார். ஒரு மனைவி கணவனைத் தேடுகிறாள். அடுத்து உடன்பிறப்பைத் தேடும் ஒருவர். பிறகு மகனைத் தேடும் தாய். காணாமற்போனவர் உடுத்திருந்த உடுப்பு என்ன, செய்த தொழில் என்ன என்று சொல்லிச் சொல்லி விசாரிக்கிறார்கள். பாட்டில் வீரரும் இல்லை, சூளுரையும் இல்லை. 1984இல் யாழ்ப்பாணத்தில் தெருவில் இறங்கிய அன்னையர் முன்னணிதான் எனக்கு நினைவுக்கு வந்தது. பாடியவர் பனாமாக்காரர் ரூபென் பிளேட்ஸ். 1984இல் வெளிவந்த 'புஸ்கான்தோ அமேரிக்கா' (அமெரிக்காவைத் தேடி) என்ற இசைத்தட்டில் வரும் பாடல் அது.

பிளேட்ஸ் 1948இல் பனாமா நகரில் பிறந்தவர். தாய் கியூபாவில் பிறந்த பாடகி. தந்தை தாளவாத்தியக்காரராக இருந்து பொலிஸ் துப்பறிவாளரானவர். தந்தைவழிப் பாட்டனார் சென் லூசியாத் தீவிலிருந்து கால்வாய் வேலைக்கு வந்தவர். ஆக, குடும்பமே புலம்பெயர்வின் குடும்பம். பனாமாப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். இராணுவ ஆட்சியோடு ஏற்பட்ட முரண்பாட்டினால் 1973இல் குடும்பம் மியாமிக்குப் போனது. அடுத்த ஆண்டு அவர் நியூயோர்க் போய், சல்சா இசையின் பெருநிறுவனமான ஃபானியாவில் கடிதம் பிரிக்கும் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தார். சட்டத்தரணியாகத் தேறியவர் கடிதம் பிரிப்பது எமக்குப் புதிய செய்தியல்ல.

வில்லி கொலோனுடன் சேர்ந்து 1978இல் வெளியிட்ட 'சியெம்ப்ரா' சல்சாவில் மிக அதிகம் விற்ற இசைத்தட்டுகளில் ஒன்று. அதில் வரும் 'பெத்ரோ நவாஹா' ஏழு நிமிடங்களுக்கு மேல் நீளும் தெருக்கதை. கத்தியோடு திரியும் ரவுடியும் தெருவில் நிற்கும் பெண்ணும் ஒருவரையொருவர் கொன்று விழுகிறார்கள். எவரும் கதவு திறப்பதில்லை. பிரெக்டின் 'மூன்று பென்னி ஒபெரா'வில் வரும் கத்திக்காரன் பாட்டுத்தான் இதன் மூலம். பிரெக்டை 'யுகதர்மம்' வழியாக யாழ்ப்பாணத்து மேடையில் சந்தித்தவர்களுக்கு இந்த உத்தி பழக்கமானது. கண்ணீர் கேட்பதில்லை, யோசிக்கச் சொல்கிறது. ஆடுவதற்கென்றே உள்ள இசையில் இதைச் செய்ததுதான் பிளேட்ஸின் சாதனை என்பேன்.

இங்கு நான் விவாதிக்க விரும்புவது அதற்கு முந்திய ஒரு பாடலை வைத்து. 1977இல் வந்த 'பப்லோ புவேப்லோ'. வேலை முடிந்து களைத்து வீடு திரும்பும் தொழிலாளி, தன் குடியிருப்பின் சுவரில் பழைய தேர்தல் சுவரொட்டிகளைப் பார்க்கிறான். எதிர்காலத்தை வாக்களித்த சுவரொட்டிகள். பதினேழு ஆண்டுகளின் பின், 1994இல், அதே சுவர்களில் வாக்குக் கேட்டவர் அந்தப் பாடலை எழுதியவரே. 'பாப்பா எகோரோ' என்ற கட்சியைத் தொடங்கி ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். எம்பெரா மொழியில் இதற்கு 'பூமித்தாய்' என்று பொருள். ஏறத்தாழ 17 வீத வாக்குப் பெற்று மூன்றாவதாக வந்தார்.

எம் வாசகர்களுக்கு உடனே எம்.ஜி.ஆர். நினைவுக்கு வரக்கூடும். 1972இல் கட்சி, 1977இல் ஆட்சி. ஒப்பீடு பயனுள்ளது, ஆனால் வித்தியாசத்துக்காகத்தான். எம்.ஜி.ஆர். வாயசைத்த பாடல்களை எழுதியவர்கள் வேறு. அவற்றைப் பாடியவர் பெரும்பாலும் டி.எம்.சௌந்தரராஜன். அப்பாடல்களில் ஏழையைக் காப்பவன் திரையில் தெரியும் நாயகனே. எனவே படத்திலிருந்து சுவரொட்டிக்கு ஓர் அடிதான். பிளேட்ஸ் தானே எழுதி, தானே பாடினார். ஆனால் அப்பாடல்களில் பப்லோவைக் காப்பாற்ற எவரும் வருவதில்லை. 'என்னை நம்பு' என்று கேட்கும் முகத்தை அவர் கலை உருவாக்கவேயில்லை, அப்படிப்பட்ட முகங்களைச் சந்தேகிக்கத்தான் அது பழக்கியது. அவர் தோற்றதற்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் அவருடைய ரசிகர்கள் பக்தர்களாக மாறவில்லை என்பதை நான் அவரது கலையின் நேர்மைக்குச் சான்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

அவரை விமர்சிக்கவும் இடமுண்டு. இருபது ஆண்டுகள் வெளியே வாழ்ந்து, ஹொலிவூட் படங்களில் நடித்துவிட்டு, ஆள வந்துவிட்டார் என்பது அவர்மீது எழுந்த குற்றச்சாட்டு. வெளியே வாழ்ந்ததைக் குற்றமாக்கினால் நாம் எவரும் வாய்திறக்க முடியாது. ஆனால் தேர்தலின் பின் நடந்தது வேறு. தொடங்கிய கட்சியைக் கட்டி வளர்க்கும் நாளாந்த வேலையில் அவர் நிலைக்கவில்லை. 1999 தேர்தலோடு அது பதிவையும் இழந்தது. 2004இல், 1994இல் தன்னைத் தோற்கடித்த கட்சியின் ஆட்சியிலேயே உல்லாசப் பயணத்துறை அமைச்சரானார். அப்போது ஜனாதிபதி, இராணுவ ஆட்சியாளர் ஒமார் தொரிகோஸின் மகன் மார்ட்டின். 2009வரை அப்பதவியில் இருந்த காலத்தில் இசையைப் பெரும்பாலும் ஒதுக்கி வைத்தார். இதை ஏற்றுக்கொள்ள எனக்குச் சங்கடமாகவே இருக்கிறது.

தூரத்திலிருந்து ஒரு நாட்டுக்குக் குரல் கொடுக்கலாம். தூரத்திலிருந்து ஒரு கட்சியை நடத்துவது கடினம். இது எமக்கும் பாடம். எம் பிள்ளைகளில் ஒருவரான கம்சாயினி குணரத்தினம் 2015இல் ஒஸ்லோவின் துணை மேயராகி, 2021இல் நோர்வே நாடாளுமன்றத்துக்குச் சென்றார். தான் வாழும் தெருவின் அரசியலிலிருந்து தொடங்கியவர் அவர். முந்திய தலைமுறையான நாமோ ஊர்ப் பாடல்களைக் கேட்டபடி, ஊர் அரசியலை இங்கிருந்தே நடத்திவிடலாம் என்று நம்பினோம்.

அந்தப் பாடல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எமது போராட்டப் பாடல்களில் மாவீரர்கள் நிறைய உண்டு, காணாமற்போனவர்கள் அரிது. இராணுவம் கொண்டுபோனவர்களுக்கே அரிதென்றால், 1991இல் யாழ்ப்பாணத்தில் புலிகள் கொண்டுபோன கவிஞர் செல்வி போன்றவர்களுக்கு எந்த மேடையில் பாட்டு இருந்தது? 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார், பிள்ளைகளின் படங்களை ஏந்தியபடி அமர்ந்தார்கள். உடுப்பின் நிறத்தைச் சொல்லித் தேடும் அந்தப் பாட்டில் வருபவர்கள் இவர்கள்தான்.

பிளேட்ஸ் ஜனாதிபதியாகாதது பனாமாவுக்கு இழப்பா என்பதை பனாமாக்காரர் சொல்லட்டும். ஆனால் அவர் எழுதிய அந்தப் பாட்டு இன்னும் தமிழில் எழுதப்படவில்லை என்பது எமது இழப்பு. எழுதக்கூடியவர்கள் இந்தப் பக்கங்களின் வாசகர்களிடையே இருக்கிறார்கள். யார் கொண்டுபோனார்கள் என்று பார்த்துப் பெயர்களைத் தெரிந்தெடுக்காமல் எழுத வேண்டும், அவ்வளவுதான்.