வெளியூர்ச் சம்பாத்தியம்

2024-ல் நாமக்கல் மாநகராட்சி ஆனது. அதே சுற்றில் திருவண்ணாமலை, புதுக்கோட்டை, காரைக்குடி ஆகிய ஊர்களுக்கும் அந்தப் பட்டம் கிடைத்தது. அவற்றுக்குப் பெரிய கோயில், பழைய சமஸ்தானம், செட்டிநாட்டு வீடுகள் என்று ஆளுக்கொரு பின்புலம். நாமக்கல்லுக்கும் மலைக்கோட்டையும் ஆஞ்சநேயரும் உண்டுதான். ஆனால் ஊரைத் தூக்கிவிட்டவை கோழியும் லாரியும் என்பதில் உள்ளூரில் யாருக்கும் சந்தேகமில்லை.

மாவட்டம் 1997 ஜனவரி 1 அன்று சேலத்திலிருந்து பிரிந்து பிறந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கில் 14.93 லட்சம் பேர், 2011-ல் 17.27 லட்சம் பேர். பத்தாண்டு வளர்ச்சி 15.6 சதவீதம். தமிழ்நாடு முழுவதற்குமான விகிதமும் அதே 15.6தான். ஆகவே ‘வேகமாக வளரும் மாவட்டம்’ என்று சொல்லும்போது நாம் தலைகளை எண்ணவில்லை. காடு மனையாவதையும், ஊரோடு ஊர் ஒட்டிக்கொள்வதையும், கையில் புரளும் பணத்தையும் பார்த்துச் சொல்கிறோம். வடக்கே சேலம் ஆட்டையாம்பட்டி, மல்லூர் வழியாக நீண்டு ராசிபுரத்தை நெருங்குகிறது. மேற்கே பள்ளிபாளையத்தில் காவிரிப் பாலத்தைக் கடந்தால் ஈரோடு. ஆவணத்தில் நாமக்கல் மாவட்டமாக இருக்கும் பள்ளிபாளையம், பிழைப்பில் ஈரோட்டின் புறநகர். குமாரபாளையத்துக்கும் பவானிக்கும் நடுவிலும் ஆறு ஒன்றுதான் இருக்கிறது.

இந்த வளர்ச்சியைப் பற்றி மேடைகளில் ஒரு வரலாறு சொல்லப்படுகிறது. வானம் பார்த்த மேட்டாங்காடு. அரசு எதுவும் தரவில்லை. உழைப்பையும் ஒற்றுமையையும் மட்டும் வைத்து மேலே வந்த சமூகம். இதில் இரண்டு கூற்றுகள் ஒட்டியிருக்கின்றன. தொழில் வளர்ந்தது என்பது ஒன்று, சமூகம் செழித்தது என்பது மற்றொன்று. பாராட்டு விழாக்களில் முதலாவதற்கான சான்றைக் காட்டி இரண்டாவதற்கும் சேர்த்துக் கைதட்டு வாங்கிவிடுகிறார்கள். இரண்டையும் பிரித்துத்தான் எடைபோட வேண்டும்.

முதல் கூற்றுக்குக் கேட்டதைவிட ஒரு பிடி அதிகமாகவே கொடுக்கலாம். சேலத்துக்கு உருக்காலை வந்தது. மேட்டூருக்கு அணையும் அனல்மின் நிலையமும் வந்தன. நாமக்கல் பக்கம் பெரிய பொதுத்துறை ஆலை எதுவும் வரவில்லை. காவிரிக்கரையையும் வாய்க்கால் பாசனப் பகுதியையும் விட்டுத் தள்ளிப் போனால் சோளமும் நிலக்கடலையும்தான். அந்த மண்ணில் இன்று நாளொன்றுக்குச் சில கோடி முட்டைகள் உற்பத்தியாகின்றன.

முட்டைத் தொழிலின் கஷ்டம் வெளியே இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியாது. துணி விற்காவிட்டால் தறியை நிறுத்தலாம். கோழியை நிறுத்த முடியாது. ஐந்து மாதத்தில் முட்டையிடத் தொடங்கினால் அதன்பின் ஒரு வருடத்துக்கும் மேல் இட்டுக்கொண்டே இருக்கும். விலை விழுந்தாலும் மக்காச்சோளமும் சோயாவும் போட்டே ஆக வேண்டும். 1982-ல் தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு விலையை அறிவித்தாலும், வியாபாரிகள் அதிலிருந்து காசுகளைக் கழித்து ‘மைனஸ்’ விலையில் எடுப்பது பண்ணையாளர்களின் பழைய புலம்பல். 2006-ல் பறவைக் காய்ச்சல் வந்தது மகாராஷ்டிரத்தின் நவாபூரில். முட்டை தேங்கியது இங்கே. இத்தனை அடியையும் தாங்கி நின்ற தொழில் இது. லேசுப்பட்ட சாதனை இல்லை.

லாரிக்கும், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக்குக்கும் இதே பாராட்டு பொருந்தும். நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகள் வளர்ந்து தச்சரையும் வெல்டரையும் பெயின்டரையும் ஒரே தெருவுக்குக் கொண்டுவந்தன. கேஸ் ஏற்றும் டேங்கர் லாரிகளின் தென்மண்டல உரிமையாளர் சங்கத்துக்குத் தலைமையிடம் இந்த ஊர். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடமாநிலங்களைத் தாண்டி ஆப்பிரிக்கா வரை போய்ப் போர் போடுகின்றன. தண்ணீர் கிடைக்காத ஊரிலிருந்து கிளம்பியவன் ஊர் ஊராகத் தண்ணீர் தோண்டிக் கொடுத்துப் பணக்காரனானான் என்பதை நல்ல நாவலாசிரியர் எவரும் இன்னும் முழுசாக எடுத்துக்கொள்ளவில்லை. சேலம்–நாமக்கல்–கரூர் ரயில்பாதை 2013-ல்தான் திறந்தது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை ரயில் பார்க்காத ஊர் நாட்டுக்கே லாரி ஓட்டியது.

‘அரசு எதுவும் தரவில்லை’ என்பதை மட்டும் அப்படியே விட முடியாது. 1975-ல் வந்த தேசிய பெர்மிட் திட்டம் இல்லையென்றால் இந்த லாரிகள் மாநில எல்லைகளில் முடங்கியிருக்கும். 1985-ல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. கோழி நோய்க்கு மருத்துவம் பக்கத்திலேயே கிடைத்தது. 1989-ல் சத்துணவில் முட்டை நுழைந்தது; 2010-ல் அது வாரம் ஐந்தாக உயர்ந்தது. தமிழ்நாட்டு ஏழைப் பிள்ளைகளின் மதியத் தட்டு, இந்தத் தொழிலுக்கு விலை விழும் நாளிலும் அசையாத வாடிக்கையாக நின்றது. சுயமுயற்சி உண்மை. அது நின்ற தரையைப் போட்டது வரிப்பணம்.

இனி இரண்டாவது கூற்று. சமூகம் செழிக்கிறதா என்று பார்க்க நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் எளிமையானது: தொழில் நடக்கும்போது ஊரில் இருப்பது யார், அவர்களுக்கு என்ன கிடைக்கிறது?

இந்த மாவட்டத்தின் பெருந்தொழில்கள் பலவும் வெளியே போய்ச் சம்பாதிப்பவை. லைன் வண்டி டிரைவர் வாரக்கணக்கில் வீடு திரும்புவதில்லை. ரிக்கில் போனவர் மாதக்கணக்கில். முட்டையும் வெளியே போகிறது. பணம் மட்டும் திரும்பி வந்து வீடாகவும் மனையாகவும் கல்யாண மண்டபமாகவும் நிற்கிறது. ரிக்கில் குழாய் தூக்குபவரும் கோழிப் பண்ணையில் தீவனம் போடுபவரும் பெரும்பாலும் சத்தீஸ்கரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ பிகாரிலிருந்தோ வந்தவர்கள். பண்ணையில் வேலை செய்பவர்கள் அங்கேயே குடியிருக்கிறார்கள். ‘நம்ம சமுதாயம்’ என்று மைக்கில் சொல்லும்போது அவர்கள் அதில் இல்லை. கொல்லிமலை மக்களும் அந்தப் பேச்சில் வருவதில்லை, வல்வில் ஓரி விழா நடக்கும் ஆடி மாதத்தைத் தவிர.

டிரைவர் வீட்டைவிட்டுத் தள்ளி வாழ்ந்ததற்கு ஊர் கொடுத்த விலை ஒன்று உண்டு. 1990-களிலும் அதற்குப் பிறகும் தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. மிகுந்த மாவட்டங்களில் நாமக்கல் ஒன்று. நோயை வீட்டுக்குள் வாங்கிக்கொண்டவர்கள் எங்கும் போகாத பெண்கள். அவர்களிடமிருந்துதான் ஊர் பெருமைப்பட வேண்டிய காரியம் ஒன்று பிறந்தது. 1998-ல் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கென்று ஓர் அமைப்பை உண்டாக்கியவர்களில் முன்நின்ற கௌசல்யா பெரியசாமி நாமக்கல் பக்கத்துக்காரர். பெயரைச் சொல்லி, முகத்தைக் காட்டிப் பேசியவர். லாரி நிறுத்தங்களில் நடந்த தடுப்புப் பணியும் அரசின் மருத்துவமும் சேர்ந்து நோய்ப் பரவலைக் குறைத்தன. ஒருவர் கஷ்டத்தை இன்னொருவர் தூக்கிக்கொண்ட வேலை இது. முட்டைக் கணக்கோடு இதைச் சேர்த்துச் சொல்லும் பாராட்டுரையை நான் கேட்டதில்லை.

அடுத்தது கடன். ஒரு டிரைவர் லாரி முதலாளி ஆவது இங்கே வெறும் கதை இல்லை, பலர் ஆகியிருக்கிறார்கள். எப்படி ஆனார்கள்? சீட்டு, பங்காளி, மாமன் மச்சான், உள்ளூர் பைனான்ஸ். ஆளைத் தெரியும், அப்பனைத் தெரியும் என்பதே ஜாமீன். வங்கி யோசிக்கிற இடத்தில் சொந்தம் யோசிக்காமல் கொடுக்கும். இந்த ஏற்பாட்டின் பலமும் வரம்பும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த ஆள் பெரும்பாலும் சொந்தச் சாதி, காடு வைத்திருப்பவர். காடில்லாதவரும் அருந்ததியர் தெருக்காரரும் வண்டி ஓட்டலாம். வண்டி வாங்க யாரிடம் போய் நிற்பார்கள்?

அந்த வரம்புக்கு வெளியே இருப்பவருக்கும் கடன் கிடைக்கத்தான் செய்கிறது, வேறு விதமாக. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளில் அதன் பெயர் ‘பாக்கி’. வேலைக்குச் சேரும்போது தறி முதலாளியிடம் வாங்கும் முன்பணம். அதை அடைக்காமல் தறியை விட்டுப் போக முடியாது. இன்னொரு முதலாளி அடைத்துக் கூட்டிப் போகலாம், அப்போது கடன் அவரிடம் மாறும். மானிடவியலாளர் கிர்ட் டி நெவ் 1990-களில் குமாரபாளையத்தில் தங்கி ஆராய்ந்து எழுதியபோது, பாக்கியைத் தொழிலாளரே கேட்டு வாங்குவதையும், ஆள் தட்டுப்பாட்டில் தொகையை ஏற்றிக்கொள்வதையும், சிலர் அடைக்காமலே போய்விடுவதையும் பதிவு செய்தார். முழு அடிமைத்தனம் என்றும் சொல்ல முடியாது, சுதந்திரம் என்றும் சொல்ல முடியாது. நியாயமான கணிப்பு. ஆனால் பாக்கிக்கு மேல் கந்துவட்டி, அதற்கு மேல் நுண்கடன் நிறுவனத்தின் வாரத் தவணை என்று அடுக்கியபின், பேரம் பேசுவதற்கு அந்தத் தொழிலாளியிடம் என்ன மிச்சமிருக்கும்?

2025 ஜூலையில் பதில் தெரிந்தது. பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காகச் சிறுநீரகம் விற்றது வெளியே வந்தது. அரசு விசாரணை நடத்தி, இரண்டு தனியார் மருத்துவமனைகளின் உறுப்பு மாற்று உரிமத்தை நிறுத்தியது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. புரோக்கர்கள் கெட்டவர்கள் என்று இதை முடித்துவிடலாம், எல்லோருக்கும் சௌகரியம். விற்க வேண்டிய நிலையில் அத்தனை பேர் ஒரே ஊரில் எப்படி இருந்தார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

பள்ளிக்கூடங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மற்றத் தொழில்கள் வெளியே போனால், இது வெளியூர்ப் பிள்ளைகளை உள்ளே கொண்டுவந்த தொழில். பிளஸ் 2 மதிப்பெண்ணில் மருத்துவ இடம் கிடைத்த காலத்தில் கொடிகட்டிப் பறந்தது. பிளஸ் 1 பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் 2 பாடத்தையே ஓட்டும் தனியார் பள்ளிகளின் வழக்கத்தை உடைக்கத்தான் 2018-ல் பிளஸ் 1-க்குப் பொதுத்தேர்வு வந்தது. 2017-ல் நீட் வந்ததும் அதே கட்டடங்களில் பயிற்சி மையங்கள் முளைத்தன. வியாபாரச் சாமர்த்தியம் என்ற தலைப்பில் முழு மதிப்பெண். கல்வி என்ற தலைப்பில் வைக்கத் தயக்கமாக இருக்கிறது.

ஆறுகளின் நிலை இன்னும் வெளிப்படை. சேலத்திலிருந்து மாவட்டம் பிரிந்தது. சேலத்துச் சாக்கடை பிரியவில்லை. திருமணிமுத்தாற்றில் அது நாமக்கல் ஏரிகளுக்கு வந்து, கடைசியில் காவிரியில் சேர்கிறது. பள்ளிபாளையம், குமாரபாளையம் சாயப்பட்டறைக் கழிவுக்கும் அதே காவிரிதான்.

மிச்சமிருப்பது திருச்செங்கோடு. 2014 டிசம்பரில் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிர்ப்பு கிளம்பியது. 2015 ஜனவரியில் மாவட்ட நிர்வாகம் நடத்திய பேச்சுவார்த்தையில் அவர் வருத்தம் தெரிவித்துக் கையெழுத்திட வேண்டிவந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்றது. அதே 2015-ன் ஜூன் மாதம், அந்த நகரின் மலைக்கோயிலுக்கு வேறு சாதித் தோழியோடு வந்த தலித் பொறியியல் பட்டதாரி இளைஞர் கடத்தப்பட்டு, பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். 2022-ல் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

இரண்டு சம்பவங்களை வைத்து ஒரு மாவட்டத்தையே எடைபோடுவதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கொலை எந்த மாவட்டத்திலும் நடக்கும். ஆனால் நான் பார்ப்பது வேறொன்றை. கடன் கொடுக்க ‘நம்ம ஆள்’ என்று அடையாளம் கண்ட அதே கண்தான் கோயிலில் யாரோடு யார் வந்தார் என்றும் பார்த்தது. நாவலுக்கு எதிரான கடையடைப்புக்கு ஊர் முழுவதையும் திரட்ட முடிந்த ஒற்றுமை, சிறுநீரகம் விற்றவர்களுக்காகத் திரளவில்லை. ஒற்றுமை இருக்கிறது, அது யாருக்கு என்பதில்தான் சிக்கல்.

இன்னொரு மறுப்புக்குக் கனம் அதிகம். தொழில் இல்லாத மாவட்டங்களில் சாதி இல்லையா, கடன் இல்லையா? இருக்கிறது, கூடவே பட்டினியும் இருக்கிறது. 1992-ல், பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்த தொட்டில் குழந்தைத் திட்டத்தைப் பழைய சேலம் மாவட்டத்தில்தான் தொடங்க வேண்டியிருந்தது. அந்த நிலையிலிருந்து இந்தப் பகுதி கொஞ்சம் மீண்டிருக்கிறது, அதில் பணவரவுக்கும் பங்கிருக்கலாம். ஏழ்மையைவிட இந்த வளர்ச்சி மேல் என்பதை மறுக்க எனக்கு வாய் வரவில்லை. ஆயினும் 2011 கணக்கிலும் ஆறு வயதுக்குட்பட்ட பெண் குழந்தைகளின் விகிதம் மாநிலச் சராசரியான, ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 943 என்பதற்குக் கீழேதான் இருந்தது. இதில் பணம் மட்டும் போதவில்லை.

இந்த மண்ணுக்கே வேறொரு மரபும் உண்டு. 1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். நிலம் கொடுத்தவர் உள்ளூர் ஜமீன்தார். தாழ்த்தப்பட்டவர்களை ஆசிரமத்தில் சேர்த்துக்கொண்டதற்காகச் சுற்றுவட்டாரம் புறக்கணித்தபோதும் ஆசிரமம் பின்வாங்கவில்லை. நூற்பும் நெசவும் பெரிய லாபம் தரவில்லை, உண்மை. ஆனால் யாரோடு சேர்ந்து பிழைப்பது என்ற கேள்வியை அது முதலிலேயே கேட்டது. பிற்பாடு வந்த தொழில்கள் அந்தக் கேள்வியைக் கேட்காமலே வளர்ந்தன.

ஆகவே தொழில் மாவட்டம் என்ற பட்டம் நாமக்கல்லுக்குத் தகும், தயக்கமில்லாமல் கொடுக்கலாம். செழித்த சமூகம் என்ற பட்டத்தை இப்போது கொடுக்க முடியாது. அது தகும் சிலர் இங்கே இருக்கிறார்கள்: நோயை மறைக்காமல் ஒருவரையொருவர் தாங்கிய பெண்கள், தீபாவளிக்கு முன்னால் போனஸ் பேச்சுவார்த்தையில் போய் உட்காரும் தறித் தொழிற்சங்கத்தார். விழா மேடையில் அவர்களுக்கு நாற்காலி போடுவதில்லை.

தீர்ப்பை மாற்றிக்கொள்ள எனக்கு மாநகராட்சிக் கட்டடமோ இன்னொரு கோடி முட்டையோ தேவையில்லை. சொந்தக்காரருக்கு ஒரு வாரத்துக்குள் லாரி வாங்கப் பணம் புரட்டித் தரத் தெரிந்த ஊர் இது. பள்ளிபாளையம் பக்கம் ஆவாரங்காட்டிலோ வெப்படையிலோ ஒரு தறிக்காரர் மகளின் ஆபரேஷனுக்கு ஐம்பதாயிரம் கேட்டு வந்தால், பாக்கி எழுதாமல், வாரத் தவணைக்காரர் வாசலில் வந்து உட்காராமல், அதைக் கொடுக்க இங்கே ஒரு கூட்டுறவுச் சங்கமாவது இருக்க வேண்டும்.