செத்தவருக்கு ஆறு கடிதங்கள்

ஒரு கலைஞனைப் பற்றி அவனுடைய சகா பேச முன்வரும்போது நமக்குப் பரிச்சயமான வழிகள் இரண்டுதான். ஒன்று இரங்கல் கூட்டம், மற்றது பஞ்சாயத்து. முதலாவதில் செத்தவர் தப்பே செய்யாதவர். இரண்டாவதில் அவர் செய்ததெல்லாமே தப்பு. க்ரிஸ் மார்க்கர் தன் நண்பரும் சக இயக்குநருமான அலெக்ஸாண்டர் மெட்வெட்கினைப் பற்றி எடுத்த 'கடைசி போல்ஷ்விக்' இந்த இரண்டு சௌகரியங்களையும் மறுத்த டாக்குமெண்டரி. நம் இலக்கியச் சூழலில் இந்த மறுப்பு அபூர்வம் என்பதால்தான் இதைப் பற்றி எழுதத் தோன்றுகிறது.

மெட்வெட்கின் பிறந்தது 1900இல். உள்நாட்டுப் போரில் புத்யோனியின் குதிரைப்படையில் இருந்தவர். 1932இல் ஒரு ரயிலையே ஸ்டுடியோவாக்கிக்கொண்டு 294 நாட்கள் சுற்றினார். தொழிற்கூடத்திலும் கூட்டுப்பண்ணையிலும் நடக்கும் குளறுபடிகளைப் படம் பிடிப்பது, ரயிலிலேயே பிலிமைக் கழுவி வெட்டி ஒட்டுவது, படத்தில் இருக்கிற ஆட்களையே உட்கார வைத்துத் திரையிட்டு ஏன் இப்படி என்று கேட்பது. அப்புறம் 'மகிழ்ச்சி' என்ற மௌனப்படம். அதில் வாழ்ந்து அலுத்துப்போன ஏழை விவசாயி ஒருவன் தன் சவப்பெட்டியைத் தானே செய்துகொள்கிறான். பாதிரியும் அதிகாரியும் பதறுகிறார்கள். இவன் செத்துவிட்டால் தங்களுக்கு உழுதுபோட ஆளேது என்பது அவர்கள் கவலை.

1938இல் 'புதிய மாஸ்கோ'. அதில் நகரத்தின் வருங்காலத்தைக் காட்டும் பிலிம் தவறுதலாகப் பின்னோக்கி ஓட, இடித்துத் தள்ளிய கட்டடங்கள் மறுபடி எழுந்து நிற்கின்றன. படம் முடக்கப்பட்டது. அடுத்த வருஷமே இதே மனிதர் அணிவகுப்பின் கோலாகலத்தை வண்ணத்தில் படமெடுத்துத் தருகிறார். இந்த இருவரும் ஒருவர்தானா? மார்க்கரின் படம் முழுக்க இந்தக் கேள்விதான்.

இதைக் கேட்க அவர் எடுத்துக்கொண்ட உருவம் கடிதம். 1967இல் லைப்ஸிக்கில் ஏற்பட்ட சிநேகம். படத்தின் ஆரம்பத்தில் கிழவர் மெட்வெட்கின், எனக்கு ஏன் நாலு வரி எழுத மாட்டேனென்கிறாய் என்று மார்க்கரைக் கடிந்துகொள்கிறார். அவர் 1989இல் இறந்தார். 1991இல் சோவியத் யூனியனும் இல்லாமல் போயிற்று. கடிதங்கள் அதற்கப்புறம் வருகின்றன, ஆறு. பிரெஞ்சில் படத்தின் பெயர் 'அலெக்ஸாண்டரின் கல்லறை'. அந்தச் சொல்லுக்கே, இறந்த கலைஞனுக்கு இன்னொருவன் செய்யும் கவிதை அல்லது இசை என்றும் பொருளுண்டு. நம்முடைய கையறுநிலைக்கு வெகு தூரத்தில் இல்லை.

'அவர்' என்று எழுதினால் துதியும் சுலபம், தீர்ப்பும் சுலபம். 'நீங்கள்' என்று ஆரம்பித்துவிட்டால் இரண்டுமே நாக்கில் இடறுகின்றன. மெட்வெட்கினுக்கு அருகிலேயே ஐஸக் பாபெலை நிறுத்துகிறார் மார்க்கர். அதே குதிரைப்படையைப் பற்றி எழுதியவர். 1940இல் சுட்டுக் கொல்லப்பட்டவர். ஒருவர் பிழைத்தார், ஒருவர் பிழைக்கவில்லை. மார்க்கர் இதற்கு விளக்கவுரை எழுதுவதில்லை. எழுதாததுதான் கனக்கிறது.

எனக்கு உறுத்துவது வேறொரு இடம். 1913இல் ரோமனோவ் வம்சத்தின் முந்நூறாவது ஆண்டு விழா. பிரமுகர்கள் நடந்து வருகிறார்கள். பருத்த அதிகாரி ஒருவன் தன் தலையைத் தட்டிக்காட்டி, தொப்பியைக் கழற்றுங்கள் என்று கூட்டத்துக்குச் சைகை செய்கிறான். மார்க்கர் பிம்பத்தை நிறுத்தி, இவனை மறக்காதீர்கள் என்கிறார். மெட்வெட்கின் ஏன் நம்பினார் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பதில் கிடையாது. ஆனால் 1939இன் வண்ணப்படத்துக்கு இது பதிலாகாது. நம்பிக்கையின் காரணத்தைக் காட்டுவது ஒன்று, அந்த நம்பிக்கை பின்னால் செய்த காரியத்துக்குக் கணக்குச் சொல்வது வேறொன்று. மார்க்கரின் பிரியம் முதலாவதில் சற்று அதிக நேரம் தங்கிவிடுகிறது.

இன்னொன்று. செத்தவர் பதில் எழுத மாட்டார். 1971இல் மெட்வெட்கினை உயிரோடு காமிராவின் முன் நிறுத்தி மார்க்கர் படமெடுத்தபோது, அதன் அக்கறை ரயிலோடு நின்றுவிட்டது. அன்று சொல்லாமல் விட்டவை ஏராளம் என்பதை முதல் கடிதத்திலேயே ஒப்புக்கொள்கிறார். இந்த நேர்மை பெரிது. ஆனாலும் மௌனத்துக்கு இருவரும் பங்காளிகள் என்பதால், கடிதங்கள் எழுதியவரையும் சேர்த்தே விசாரிக்கின்றன. படத்தின் பலம் இங்கேதான் இருப்பதாக எனக்குப் படுகிறது.

கட்சி சார்ந்த எழுத்தாளன் இறந்தால் இங்கே ஒரு முகாம் மாலை போடுகிறது, மற்ற முகாம் அவன் எழுதியதைப் படிக்காமலே கணக்கைத் தீர்க்கிறது. அவன் நல்ல எழுத்தும் கெட்ட எழுத்தும் ஒரே கையால் எழுதியவன் என்று சொல்ல, அவனை நெருங்கி அறிந்த ஒருவன் வேண்டும். அவன் உயிரோடிருக்கும்போதே சொன்னால் இன்னும் உத்தமம்.

இரண்டு துண்டு பிலிமை முதன்முதலாக ஒட்டி, அதில் ஓர் அர்த்தம் பிறந்ததைக் கண்டபோது மெட்வெட்கின் அழுதாராம். பின்னாளில் அணிவகுப்பு பிலிமை ஒட்டியதும் அந்தக் கைகள்தான். மார்க்கர் இரண்டையும் வெட்டாமல் வைத்திருக்கிறார்.