பிடித்தவன் பெயர்

கபடியில் பாடிப் போகிறவன் ஒருவன். அவனைப் பிடிக்கக் காத்து நிற்கிறவர்கள் ஏழு பேர். ஆட்டம் முடிந்ததும் ஊர் வாயில் புரளுகிற பெயர் என்னவோ அந்த ஒருவனுடையதுதான். இது இயற்கை என்று சொல்லிவிடலாம். நாவலில் கதாநாயகனை மறக்காத வாசகர், அவனுக்கு ராத்திரி கதவு திறந்துவிட்டவனை ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் இயற்கையாக இருப்பதற்கெல்லாம் பட்டமும் பரிசும் கொடுக்கத் தொடங்கும்போது, அது நியாயமாகவும் இருக்கிறதா என்று கொஞ்சம் விசாரித்துப் பார்ப்பது அவசியமாகிறது.

2014-ல் தொடங்கிய புரோ கபடி லீக், ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் ஓர் ஆட்டக்காரரை 'மிகவும் மதிப்பு வாய்ந்தவர்' என்று தேர்ந்தெடுத்துக் கௌரவிக்கிறது. முதல் பதினொரு பருவங்களின் ஜாபிதாவைப் பாருங்கள். அனூப் குமார், ரோஹித் குமார், இரண்டு முறை பர்தீப் நர்வால், பவன் ஷெராவத், இரண்டு முறை நவீன் குமார், அர்ஜுன் தேஷ்வால் என்று எல்லாரும் கோடு தாண்டிப் பாடிப் போகிறவர்கள். மஞ்சீத் சில்லர், அஸ்லம் இனாம்தார், ஈரான் தேசத்து முகமது ரேஸா ஷாட்லூயி ஆகிய மூவர் மட்டும் பாடவும் பிடிக்கவும் தெரிந்தவர்கள். பிடிப்பது ஒன்றையே தொழிலாகக் கொண்டவனுக்கு ஒரு தடவைகூட இந்தப் பட்டம் போகவில்லை.

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே இந்தச் சர்ச்சை ஓய்வதே இல்லை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கியதற்குப் பிறகு, ஏரியும் வயலுமாகக் கிடந்த இந்தப் பிரதேசத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எத்தனையோ தொழிற்சாலைகள் வந்துவிட்டன. செய்யாறு, வந்தவாசி, திண்டிவனம் பக்கத்துப் பையன்கள் அறைக்கு ஐந்தாறு பேராகத் தங்கி ஷிப்டு பார்க்கிறார்கள். அநேகர் ஊரில் கபடி ஆடியவர்கள். முழங்காலைப் பார்த்தாலே தெரியும். லீக் நடக்கிற மாதங்களில் தேநீர்க் கடை வாசலில் ஒரே கைபேசியைச் சுற்றி எட்டுத் தலைகள்.

"பவன் இல்லாட்டி அந்த டீமு ஜீரோண்ணே!" என்றான் சீருடை கழற்றாத ஒரு பையன்.

"ஜீரோவா இருந்தா செமி பைனல் எப்படிடா போனானுங்க?" என்றார் கொஞ்சம் வயதானவர்.

பையனிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை நான் அங்கேயே விட்டுவர மனமில்லாமல் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அவர் சொன்னது 2022-ம் வருஷத்துச் சங்கதி. தமிழ் தலைவாஸ் 2017-ல் லீகில் சேர்ந்த அணி. முதல் நான்கு பருவங்களில் நாக்-அவுட் கட்டத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. 2019-ல் அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சீத் சில்லர் என்று மூன்று மகாரதர்களை ஒரே பாயில் இறக்கியும், பன்னிரண்டு அணிகளில் கடைசி இடம். 2022-ல், 2 கோடியே 26 லட்சம் ரூபாய் கொடுத்துப் பவன் ஷெராவத்தை வாங்கினார்கள். அதுவரை லீகில் யாருக்கும் கொடுக்காத விலை. முதல் ஆட்டம் பெங்களூரில், குஜராத் அணியுடன். பவன் எதிராளியைப் பிடிக்கப் போய் முழங்காலில் அடிபட்டு விழுந்தார். பருவம் முழுவதும் திரும்பி வரவில்லை. ஐயோ பாவம், அணி தொலைந்தது என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

தொலையவில்லை. நரேந்தர் என்ற புதுப் பையன் பாடிப் போனான். அந்தப் பருவத்தில் 243 புள்ளிகள் கொண்டுவந்தான். இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நானும் பழைய தவற்றையே செய்கிறவனாவேன். நரேந்தர் வெளியே போன ஒவ்வொரு தடவையும், அவனைத் திரும்ப உள்ளே கூப்பிட யாராவது எதிராளியைப் பிடித்தாக வேண்டும். கபடியின் விதி அப்படி: ஒரு புள்ளி எடுத்தால்தான் வெளியே உட்கார்ந்திருக்கிறவன் ஒருவன் உயிர் பெறுவான். சாகர், சாஹில் குலியா, நம்மூர் அபிஷேக் ஆகியோர் இந்த உயிர்ப்பிச்சையைப் பருவம் முழுவதும் போட்டுக்கொண்டிருந்தார்கள். அணி முதல் தடவையாக அரையிறுதிக்குப் போய், புனேரி பல்டனிடம் 37-க்கு 39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது. விலை உயர்ந்த ஆட்டக்காரர் ஆடாத வருஷம்தான் அணி அதுவரை ஆடியதில் சிறந்த வருஷம்.

இதைத் தற்செயல் என்று ஒதுக்கலாம். 2019-ம் வருஷத்து இறுதி ஆட்டத்தை அப்படி ஒதுக்க முடியாது. அன்று டெல்லி அணிக்கு நவீன் குமார் தனியாகவே 18 புள்ளிகள் எடுத்தார். எதிரே வங்காள அணியின் தலைவரும் அதன் முதல் ரெய்டருமான மணீந்தர் சிங் காயத்தால் வெளியே உட்கார்ந்திருந்தார். வங்காளம் 39-க்கு 34 என்று ஜெயித்தது! ஈரானியரான முகமது நபிபக்ஷ் முன்னால் நின்று அந்த அணியை நடத்தினார். மதிப்பு வாய்ந்தவர் என்ற பட்டம் நவீனுக்குப் போயிற்று. அந்தப் பருவத்தில் புள்ளிக் கணக்கில் முதலிடம் நவீனுக்கு அல்ல, 346 எடுத்த பவனுக்கு. அப்படியானால் வெறும் கூட்டலை நம்பக் கூடாது என்று தேர்வாளர்களுக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒரு ரெய்டரை விட்டு இன்னொரு ரெய்டரிடம்தான் போனார்கள். என்னைக் கேட்டால் அந்த வருஷம் நபிபக்ஷுக்குக் கொடுத்திருப்பேன்.

பாடிப் போகிறவனை மட்டம் தட்டுவது என் நோக்கமல்ல. 2017-ல் பர்தீப் நர்வால் ஆடியதைப் பார்த்தவன் அப்படிப் பேச மாட்டான். ஒரே பருவத்தில் 369 புள்ளிகள். ஹரியானாவுடன் ஆடிய ஆட்டத்தில், களத்தில் மிச்சமிருந்த ஆறு பேரையும் ஒரே மூச்சில் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினார். அக்டோபர் 28-ம் தேதி, சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் இறுதி ஆட்டம். பாட்னா 55, குஜராத் 38. அதில் பர்தீப்புக்கு 19. குஜராத்தின் பிடிகாரர்கள் அந்தப் பருவத்தில் மற்றவர்களை மண்ணைக் கவ்வ வைத்தவர்கள். அவர்களையே அப்படிக் கலைத்தவனுக்குப் பட்டம் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பது? அந்த வருஷத்து முடிவில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

என்னுடைய வழக்கு கணக்கின் மேல்தான். பாடிப் போனவன் மூன்று பேரைத் தொட்டால் மூன்று புள்ளியும் அவன் பேரில் ஏறுகின்றன. அவனைப் பிடிக்கும்போது நடப்பது என்ன? மூலையில் நிற்கிறவன் கணுக்காலில் விழுகிறான். பக்கத்தில் கைகோத்து நின்ற கவர் தொடையை மடக்குகிறான். எதிர் மூலைக்காரன் ஓடிவந்து கோட்டுக்கான வழியை அடைக்கிறான். நாலாவது ஆள் மேலே விழுந்து அமுக்குகிறான். நாலு பேரின் எலும்புக்கும் ஒரே புள்ளி. அதுவும் ஒருவன் பெயரில். மற்ற மூவரும் அந்த முப்பது விநாடியில் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்றே ஏடு சொல்லும். இன்னும் நுட்பமானது ஒன்று உண்டு. நல்ல மூலைக்காரன் நிற்கிற பக்கம் ரெய்டர் காலே வைக்க மாட்டான். சும்மா போய்ச் சும்மா திரும்புவான். அந்தப் பயத்துக்கு ஏட்டில் கட்டமே இல்லை. திருடன் வராத வீட்டின் பூட்டை யாரும் புகழ்வதில்லை, அதுபோல.

இந்த வியாதி நமக்கு மட்டும் உரியதல்ல. பந்தைக் கையில் வைத்துக்கொண்டே கால்பந்து என்று பெயர் சொல்லி ஆடுகிற அமெரிக்கர்களிடம் இது இன்னும் முற்றியிருக்கிறது. அங்கே பந்தை வாங்கி எறிகிறவனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். 2013 முதல் 2024 வரை, பன்னிரண்டு பருவங்களிலும் அவர்களுடைய 'மதிப்பு வாய்ந்தவர்' பட்டம் குவார்ட்டர்பேக்குகளுக்கே போயிற்று. தடுப்பாட்டக்காரர் ஒருவருக்குக் கடைசியாகக் கிடைத்தது 1986-ல், லாரன்ஸ் டெய்லருக்கு. 2024-ம் பருவத்துக்கு ஜோஷ் ஆலனா, லமார் ஜாக்சனா என்று தேசமே இரண்டுபட்டுச் சண்டை போட்டது. ஐம்பது பத்திரிகையாளர்கள் வாக்களித்து, 27-க்கு 23 என்று ஆலனுக்குக் கொடுத்தார்கள். பிளே-ஆப் தவிர்த்து அந்தப் பருவத்தில் 14 தடவைதான் எதிரிகளால் ஆலனைப் பந்தோடு மடக்க முடிந்தது. அவர் காலின் வேகம் ஒரு காரணம். அவருக்கு முன்னால் சுவராக நின்ற ஐந்து பேர் இன்னொரு காரணம். சண்டை போட்டவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஐவரின் பெயர் தெரியும்? இறுதி ஆட்டத்தில் ஆலனும் இல்லை, ஜாக்சனும் இல்லை. பிலடெல்பியா அணி 40-க்கு 22 என்று கோப்பையை எடுத்துக்கொண்டு போயிற்று.

நமக்கு இந்தச் சர்ச்சை புதிதும் அல்ல. குருக்ஷேத்திரத்தில் ஓர் அம்பு பறப்பதற்கு முன்னால் பீஷ்மர் உட்கார்ந்து, யார் ரதன், யார் அதிரதன், யார் மகாரதன் என்று பட்டியல் போட்டார். கர்ணனை அர்த்தரதன் என்றார், அதாவது அரை ஆள். அவன் கோபித்துக்கொண்டு, கிழவர் விழும்வரை களத்துக்கு வரமாட்டேன் என்று போய்விட்டான். பட்டியல் போட்டதில் துரியோதனனுக்குக் கிடைத்த லாபம் அதுதான். காஞ்சிபுரத்துப் பக்கம் திரௌபதியம்மன் திருவிழாக் கூத்தில், கர்ண மோட்சம் நடக்கிற ராத்திரி ஜனங்கள் யாருக்காகக் கண்ணீர் விடுகிறார்கள் என்பது தெரிந்ததே. ஆயுதம் எடுக்காமல் குதிரைக் கயிற்றைப் பிடித்தவனுக்கு ஏட்டில் பூஜ்யம். ஆனாலும், ஒரு சேனையா அந்த ஒருவனா என்று கேட்டபோது, எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று அர்ஜுனனுக்குத் தெரிந்திருந்தது.

லீக் முதலாளிகளுக்கு அந்தத் தெளிவு வர நாளாகிறது. 2023 ஏலத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் பவனை 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரத்துக்கு எடுத்தது. 22 ஆட்டங்களில் இரண்டு வெற்றி, பன்னிரண்டாவது இடம். பவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒருவன் தலையில் ஏழு பேரின் பாரத்தை வைத்தால் கழுத்து நோகத்தான் செய்யும். அதே ஏலத்தில் புனேரி பல்டன் 2 கோடியே 35 லட்சம் கொடுத்து, மூலைக்காரரான ஷாட்லூயியை எடுத்துக் கோப்பையை வென்றது. அடுத்த வருஷம் அவர் ஹரியானாவுக்குப் போனார். பாட்னாவின் தேவாங்க் அந்தப் பருவத்தில் 301 ரெய்டு புள்ளிகள் எடுத்தவர். இறுதி ஆட்டத்தில் அவருடைய அணியை ஹரியானா 23 புள்ளியோடு நிறுத்தி 32-ல் ஜெயித்தது. 2024-க்கான பட்டம் ஷாட்லூயிக்குக் கிடைத்தபோது, முதல் தடவையாகத் தேர்வாளர்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது. மஞ்சீத்தையும் அஸ்லமையும்போல அவரும் பாடவும் போகிறவர்தான். ஆனால் அவர் விலை பிடியில் இருக்கிறது.

ஒரகடம் பக்கத்துக் கிராமங்களில் திருவிழா சமயத்துக் கபடி நோட்டீசுகளில் சிறந்த ரெய்டருக்கு ஒரு கோப்பை, சிறந்த பிடிக்கு ஒரு கோப்பை என்று தனித்தனியாகவே போடுகிறார்கள். இரண்டும் ஒரே உயரமா என்று ஓர் ஊரில் நான் விசாரித்தேன். ரெய்டர் கோப்பை ஒரு சாண் அதிகம். சாயந்திரம் ஷிப்டு முடிந்து வந்த பையன்கள் கருவேல மரத்தடியில் மண்ணைக் கொத்திவிட்டு அணி பிரித்துக்கொண்டிருந்தார்கள். யார் யார் பாடப் போவது என்பதில் பெரிய தகராறு. இடது மூலைக்கு ஆள் கேட்டபோது சத்தமே இல்லை. கடைசியில், வேலைக்குப் புதிதாக வந்திருந்த ஓர் ஒடியாப் பையனைத் தோளைப் பிடித்துக் கொண்டுபோய் அங்கே நிறுத்தினார்கள்.