வழிநூலும் இளமை நினைவும்

நூலை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்தினார் நன்னூலார். முன்னோர் முடிபோடு ஒத்து நின்று, தான் வேண்டும் வேறுபாட்டையும் கூறுவது வழிநூல். படக்கதைக்கும் இவ்வளவுகோல் பொருந்தும்.

சப்பானின் கேப்காம் நிறுவனத்தார் 1991-இல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' என்னும் சண்டை விளையாட்டை வெளியிட்டனர். அதனைத் தழுவி அமெரிக்காவில் மாலிபு நிறுவனம் 1993-இல் தொடங்கிய படக்கதை 3 இதழ்களோடு நின்றது. கென் என்னும் வீரனுக்குக் காட்டிய கொடிய முடிவை முதல்நூலுடையார் ஏற்கவில்லை. வேறுபாடு முடிபையே அழித்துவிட்டது. அதே ஆண்டில் மசவோமி கன்சாகி சப்பானில் தொடங்கிய படக்கதையோ, விளையாட்டின் போட்டியையே களமாகக் கொண்டு நிறைவெய்தியது.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த நண்பர் ஒருவர் அக்காலத்துப் படக்கதை ஒன்றை இன்றும் போற்றி வைத்துள்ளார். காரணம் வினவினேன். "அந்த விளையாட்டில் நம்மவர் ஒருவர் இருந்தாரே!" என்றார். அவர் குறித்தது, கைகால் நீட்டித் தீயுமிழும் இந்திய யோகி தால்சிமை. அவன் கழுத்தில் மண்டையோட்டு மாலை. பள்ளித் தோழர் அதைக் காட்டி நகைத்தபோது நண்பர் நாணினாராம். கொள்ளைநோயில் மாண்ட தன் ஊர்க் குழந்தைகளின் நினைவாகவே அவன் அதனை அணிந்தான், வறியோர்க்குப் பொருளீட்டவே போரிட்டான் என்று பின்னர் அறிந்து தலைநிமிர்ந்தாராம்.

மாலையை மட்டும் வரைவது கேலி. அதன் துயரையும் உணர்த்துவதே வழிநூல். ஆசிரியன்மார் மாணவர் கையிலுள்ள படக்கதையைப் பறிக்குமுன் இவ்வேறுபாட்டைக் கற்பித்தல் நன்று. இளமை நினைவு நூலின் தகுதிக்குச் சான்றாகாது. ஆயினும், படிப்பவன் அதில் எதைத் தேடினான் என்பதற்கு அதுவே சான்று.