கோபல்லத்தில் முதலில் யார் இருந்தார்கள்?

யாராவது யாரையாவது 'வந்தேறி'ன்னு திட்டும்போதெல்லாம் எனக்கு கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்' ஞாபகம் வரும். 1976-ல் வந்த நாவல். தெலுங்கு தேசத்திலிருந்து தப்பி வந்தவர்கள் கரிசலில் காட்டை அழித்து ஊராக்கின கதை. கோவில்பட்டி, எப்போதும்வென்றான் பக்கம் வீட்டுக்குள்ள தெலுங்கும் தெருவுல தமிழும் பேசுறவங்களுக்கு இது குடும்பக் கதை மாதிரி.

அந்தப் பயணத்தைச் சொல்வது மங்கத்தாயாரு அம்மாள் என்ற முதிய பாட்டி. நாவலின் பலமும் குறையும் அவள்தான். ஓடி வந்த பயத்தையும் வழியில் பட்ட பாட்டையும் ஆற அமரச் சொல்கிறாள். ஆனால் அந்தக் காட்டில் ஏற்கெனவே ஆடு மேய்த்தவங்க, விறகு பொறுக்கினவங்க யாரு? அவள் கதையில் அவர்களுக்குப் பெரிசா இடமில்லை.

கென்யாவில் காப்பித் தோட்டம் வைத்து, பிறகு அதைப் பற்றி எழுதிய ஐசக் டினேசனிடமும் இதைத்தான் கேட்கிறோம். வித்தியாசம் உண்டு: அவருக்குப் பின்னால் பேரரசு இருந்தது, இவர்களுக்குப் பின்னால் துரத்தி வந்தவர்கள். அதற்காகக் கேள்வி இல்லாமல் போயிடாது. கி.ரா. பாட்டியை ஒரு தடவையாவது மடக்கியிருக்கலாம்.

திட்டுறவங்களுக்கும் ஒரு தகவல். 1982-ல் கரிசல் தமிழுக்கு வட்டார வழக்குச் சொல்லகராதி போட்ட இடைசெவல்காரரின் தாய்மொழி தெலுங்கு.