விலகல் எண் 38.6: எதனுடைய எண்?

காரைக்காலில் அரசலாற்றங்கரையில் நின்று, நீரில் சாய்வாக ஊன்றிய மூங்கில் கழியைப் பாருங்கள். நீர்மட்டத்தில் அது ஒடிந்தது போலத் தோன்றும். ஒளிக்கு நீரின் விலகல் எண் 1.33 என்பதே இதற்குக் காரணம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். உப்புக் கலவாத அதே நீருக்குள் பண்பலை வானொலியின் அலை நுழைந்தால், அதற்கு விலகல் எண் ஏறத்தாழ 9! நீர் ஒன்றுதான், எண்கள் இரண்டு. இதை மனத்தில் கொண்டால், நாம் இங்கே மதிப்பிடப் போகும் ஆய்வைச் சரியாக எடை போடலாம்.

2011 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் மூஹான் சோய், பம்கி மின் முதலிய கொரிய அறிவியலார் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். 'இயற்கையை மீறிய உயர் விலகல் எண் கொண்ட டெராஹெர்ட்ஸ் மெட்டாமெட்டீரியல்' என்பது அதன் தலைப்பின் பொருள். நுண்ணலைக்கும் அகச்சிவப்புக் கதிருக்கும் இடைப்பட்டவை டெராஹெர்ட்ஸ் அலைகள். 1 டெராஹெர்ட்ஸ் அலையின் நீளம் 0.3 மில்லிமீட்டர். டெராஹெர்ட்ஸ் பகுதியில் 38.6 என்ற உச்ச விலகல் எண்ணைப் பெற்றதாக ஆய்வாளர் அறிவித்தனர்.

அவர்கள் செய்தது என்ன? பாலிஇமைடு என்னும் பிளாஸ்டிக் படலத்துக்குள், ஆங்கில 'ஐ' எழுத்து வடிவில் மெல்லிய உலோகத் துண்டுகளை வரிசையாகப் பதித்தனர். பாலிஇமைடின் விலகல் எண் தன்னளவில் 2-ஐக்கூட எட்டாது. ஆனால் அடுத்தடுத்த துண்டுகளின் விளிம்புகளுக்கு இடையே உள்ள குறுகிய இடைவெளி ஒரு மின்தேக்கி போல இயங்குகிறது. அங்கே மின்னூட்டம் பெருமளவில் குவிவதால், பொருளின் மின் விடுதிறன் பன்மடங்கு உயர்கிறது.

விலகல் எண், மின் விடுதிறனையும் காந்த உட்புகுதிறனையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது. உலோகத்தில் சுழலும் மின்னோட்டம் காந்த உட்புகுதிறனைக் குறைத்துவிடும். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்த கதையாகும். உலோகத்தை மிக மெல்லியதாக்கி, அச்சுழற்சிக்கு இடமில்லாமல் செய்தனர். இந்த ஆய்வின் உண்மையான சிறப்பு இதுதான். எண்ணைவிட இந்தச் சிந்தனையே பாராட்டுக்குரியது.

இனி, குறைகளைப் பார்ப்போம். 38.6 என்பது ஒத்ததிர்வு நிகழும் இடத்தில், ஒரே அடுக்கில் கிடைத்த உச்சம். ஒத்ததிர்வை நெருங்க நெருங்க அலையை உட்கவர்வதும் கூடும். ஒத்ததிர்வுக்கு வெகு கீழான அதிர்வெண்களில் ஒற்றை அடுக்கின் மதிப்பு 20-க்குச் சற்று மேல். பல அடுக்குகளைச் சேர்த்துப் பருப்பொருள் போலச் செய்தபோது உச்சம் 33.22, ஆனால் தாழ்ந்த அதிர்வெண்களில் ஏறத்தாழ 8 மட்டுமே. இவை அனைத்தையும் ஆய்வாளரே மறைக்காமல் அச்சிட்டுள்ளனர். உச்ச எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுவது படிப்பவர் தவறு.

தலைப்பில் உள்ள 'இயற்கையை மீறிய' என்ற சொல்லை மட்டும் நான் ஏற்கத் தயங்குகிறேன். ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் என்னும் படிகத்தின் மின் விடுதிறன் அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 300. ஆகவே டெராஹெர்ட்ஸ் பகுதியின் தாழ்ந்த முனையில் அதன் விலகல் எண் சுமார் 17 ஆகிறது. இயற்கை அவ்வளவு ஏழையன்று! செயற்கை அமைப்பின் மேன்மை, வேண்டிய அதிர்வெண்ணில் வேண்டிய எண்ணை நாமே வகுத்துக்கொள்ளலாம் என்பதில்தான் உள்ளது.

இதற்கு நம் நாட்டில் ஒரு முன்னோடி உண்டு. கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் மில்லிமீட்டர் அளவிலான மின்னலைகளைக் கொண்டு கண்ணாடியின் விலகல் எண்ணை அளந்து 2.04 என்று கண்டார். ஒளிக்கு அது சுமார் 1.5தான். 1898-இல் முறுக்கிய சணல் இழைகளின் வழியே அலைகளைச் செலுத்தி, அவற்றின் தளவிளைவுத் தளம் திரும்புவதைக் காட்டினார். முறுக்கு வலப்பக்கமா இடப்பக்கமா என்பதைப் பொறுத்துத் திரும்பும் திசையும் மாறியது. மாற்றம் சணலால் வந்ததன்று, முறுக்கால் வந்தது.

அதனால் போஸ் அன்றே மெட்டாமெட்டீரியலைக் கண்டுபிடித்தார் எனச் சிலர் முழங்குவது மிகை. சர்க்கரைக் கரைசலின் மூலக்கூறுகள் ஒளியைத் திருப்பும் விதத்திற்கு ஒரு மாதிரி அமைப்பதே அவர் நோக்கம். விலகல் எண்ணை உயர்த்த அவர் முயலவில்லை. பொருளைவிட அதன் அமைப்பு அலையை ஆளக்கூடும் என்று சோதனையால் காட்டியதே அவருக்குப் போதிய பெருமை.

மாணவ நண்பர்களே, இத்தகைய செய்தி அடுத்த முறை கண்ணில் பட்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த அதிர்வெண்ணில்? எத்தனை அடுக்கில்? எவ்வளவு அலை உட்கவரப்பட்டது? இம்மூன்றுக்கும் விடை இருந்தால்தான் 38.6 என்பது அறிவியல் எண்ணாகும்.