தெமோதரை இறக்கம்

மலை என்றால் ஏறுவதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். உச்சியில் நின்று எடுத்த படத்தைக் காட்டுகிறார்கள். ஆனால் இலங்கையின் ஊவா மாகாணத்தில் ரயில் பாதை போட்டவர்களும் தேயிலை மலைகளில் நடைபாதை வெட்டியவர்களும் மண்டையை உடைத்துக்கொண்டது இறக்கத்துக்காக. இத்தனை உயரத்தைப் பதறாமல், சறுக்காமல், மண்ணையும் கெடுக்காமல் எப்படி இறங்கி முடிப்பது? அங்கே தெமோதரையில் இந்தக் கேள்விக்கு இரண்டு அருமையான விடைகள் இருக்கின்றன. ஒன்றைப் பார்க்க வெளிநாடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். மற்றதை மிதித்துக்கொண்டே போகிறார்கள், பார்ப்பதில்லை. அந்த இரண்டாவது விடை தோட்டத்து ஒற்றையடிப் பாதை. மவுண்டன் பைக்கில் நாலைந்து பேர் கூட்டாக இறங்கும்போதுதான் அதன் நுட்பம் முழுவதும் தெரியவரும் என்பது என் எண்ணம்.

முதல் விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். ரயில் பண்டாரவளைக்கு வந்தது 1894இல். அங்கிருந்து பதுளைக்குப் போய்ச்சேர 1924 ஆகிவிட்டது. வரைபடத்தில் அந்தத் தூரத்தைப் பார்ப்பவருக்கு முப்பது ஆண்டு அதிகமாகத் தெரியும். நிலத்தைப் பார்த்தவருக்கு அப்படித் தெரியாது. எல்ல ஏறத்தாழ 1,040 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பதுளை அதற்கு முந்நூற்றைம்பது மீட்டருக்குக் குறையாமல் கீழே கிடக்கிறது. மலைநாட்டுத் தண்டவாளத்துக்கோ 44 அடிக்கு ஓரடி என்பதற்கு மேல் சரிவு ஆகாது. தெமோதரையில் நிலம் அந்தக் கணக்குக்கு இணங்கவில்லை. ஆகவே தண்டவாளம் நிலையத்தைத் தொட்டு, குன்றை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு அடியில் 42ஆம் இலக்கச் சுரங்கத்துக்குள் புகுந்து பதுளைப் பக்கம் வெளியேறுகிறது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரவின் பெயரோடு இந்தச் சுற்றைச் சேர்த்துச் சொல்வார்கள். தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவதைப் பார்த்தபோதுதான் இந்த யோசனை பிறந்தது என்ற கதையும் கூடவே வரும். எனக்கு அந்தக் கதை மிகவும் பிடிக்கும். இந்த மலைகளின் சரிவைக் காலால் அறிந்தவர்கள் தோட்டத்து ஆட்கள்தான் என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

இனி இரண்டாவது விடை. தோட்டத்தில் பாதைகள் இரண்டு வகை. கொழுந்து லொறி போவது ரோட்டு. மற்றவை எல்லாம் ஆள் நடந்து உண்டானவை: தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து மலைக்கு, மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு, ஸ்டோருக்கு, கோயிலடிக்கு, பள்ளிக்கூடத்துக்கு. இவற்றிலும் ரசிக்கத்தக்கவை, ரசிக்கத்தகாதவை உண்டு. செங்குத்தாகக் கீழே விழும் குறுக்குப் பாதைகள் அவசரத்தில் பிறந்தவை. முதல் பெருமழையிலேயே ஓடையாகிவிடும். இருபது கிலோ கொழுந்தைச் சுமந்துகொண்டு நாள்தோறும் போனவர்கள் தேர்ந்தெடுத்த பாதை வேறு மாதிரி இருக்கும். அது சரிவைக் குறுக்காக வெட்டிக்கொண்டு சாவகாசமாக இறங்கும். வடிகாலுக்காகக் கான் வெட்டிய இடத்தில் கற்பலகை போட்டுக் கடக்கும். பாறை வந்தால் மேட்டுப் பக்கமாக ஒதுங்கும். சில இடங்களில் நாலு எட்டு மேலே ஏறி, பிறகு மறுபடி இறங்கும். அந்த நாலு எட்டு ஏற்றம் வீண் அலைச்சல் போலத் தோன்றும். ஆனால் பாதை வழியே ஓடிவரும் மழைத்தண்ணீரை அங்கே நிறுத்திப் பள்ளத்துக்குத் திருப்பிவிடுவது அதுதான்.

அமெரிக்காவில் 1988இல் தொடங்கிய சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம், பாதை வெட்டுகிறவர்களுக்குச் சில விதிகள் சொல்லித் தருகிறது. பாதையின் சரிவு மலைச்சரிவில் பாதிக்கு மேல் போகக்கூடாது. போனால் தண்ணீர் பாதையைக் கடந்து போகாமல் பாதையிலேயே ஓட ஆரம்பித்துவிடும். இடையிடையே சிறிய எதிரேற்றம் வைக்க வேண்டும். இந்த விதிகளைப் படித்துவிட்டுத் தெமோதரைத் தோட்டத்துப் பழைய பாதை ஒன்றில் இறங்கிப் பாருங்கள். சங்கம் சொல்வதை, காலையில் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய் வந்த கால்கள் அதற்கு வெகுகாலம் முன்பே செய்து முடித்திருக்கின்றன. அந்தக் கால்களுக்குரியவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

மவுண்டன் பைக்கும் இறக்கத்துக்காகப் பிறந்த வண்டிதான். கலிபோர்னியாவில் சார்லி கெல்லி முதலான இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களைச் சீர்படுத்திக்கொண்டு 1976 அக்டோபர் 21 அன்று ஒரு மலைப்பாதையில் நேரம் பார்த்து இறங்கினார்கள். மூன்று கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய தூரத்துக்குள் நானூறு மீட்டர் அளவு இறக்கம். பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் சூட்டில் புகைந்து போகும்; ஒவ்வோர் இறக்கத்துக்குப் பிறகும் புதிதாக அடைக்க வேண்டும். கிரீஸ் திரும்ப அடைப்பதையே பெயராகக் கொண்டு அந்தப் பந்தயம் ‘ரீபேக்’ ஆனது. இருபது ஆண்டு கழித்து, 1996இல், அட்லாண்டா ஒலிம்பிக்கில் மவுண்டன் பைக் விளையாட்டுக்கு இடம் கிடைத்தது.

பந்தயத்தில் நேரம்தான் எல்லாம். ஊவாவின் ஒற்றையடிப் பாதையில் நேரத்துக்கு மதிப்பில்லை.

இங்கே இறக்கம் வழக்கமாக லயத்துக்குப் பின்னாலுள்ள கோயிலடியில் தொடங்கும். சீட்டைத் தாழ்த்திக்கொண்டு, டயரில் காற்றைச் சற்றுக் குறைத்துக்கொண்டு நிற்போம். எதிரே நமுனுகுல மலைத்தொடர் பாதி பனிக்குள் நிற்கும். முதலில் தேயிலைக்குள் பாதை. இரண்டு பக்கமும் செடிகள் இடுப்பளவு. ஹேண்டில் முனை கவ்வாத்துக் குச்சியில் பட்டால் ஆள் கீழே. ஆகவே இங்கே வேகம் நடையைவிடக் கொஞ்சம்தான் கூட. பிறகு மானாப்புல் மேடு ஒன்று, அதைத் தாண்டியதும் யூகலிப்டஸ் காடு. வெளிச்சம் சட்டென்று குறையும். உரிந்து விழுந்த பட்டைகள் பாதையில் நீளநீளமாகக் கிடக்கும். நெடுக்காக ஏறினால் சக்கரத்தை இழுத்துக்கொண்டு போய்விடும். குறுக்காகக் கடந்தால் ஒன்றும் செய்யாது. ஈர வேரும் அப்படித்தான். வேரை நேருக்கு நேர் சந்திக்க வேண்டும், சாய்ந்து சந்திக்கக்கூடாது. அந்தக் கணத்தில் பிரேக்கைத் தொடவும் கூடாது.

வளைவுதான் ஓட்டுபவரின் தரத்தைக் காட்டுமிடம். தேர்ந்தவர் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவார். உள்ளே நுழையும்போது விரல்கள் தளர்ந்திருக்கும், வெளிக்கால் பெடல் கீழே அழுந்தியிருக்கும், முகம் வளைவு முடிகிற இடத்தை நோக்கித் திரும்பியிருக்கும். கண் போகிற இடத்துக்கு வண்டி போகும். பள்ளத்தைப் பார்த்துப் பயந்தவர் பள்ளத்துக்கே போவார். தேராதவர் வளைவுக்குள் நுழைந்த பிறகு பின்பிரேக்கை இறுக்குவார். சக்கரம் பூட்டிக்கொண்டு மண்ணைச் சீவும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே இருவரையும் பிரித்துச் சொல்லிவிடலாம். நல்ல இறக்கத்தில் டயர் மண்ணில் உரசும் மெல்லிய சத்தமும் காட்டுக்கோழிக் கூவலும் மட்டும் கேட்கும். வண்டி குதித்துத் தாவுவதைப் பார்த்துக் கைதட்டுகிறவர்கள் தட்டட்டும். என் வரையில் இந்த ஓசைக் குறைவுதான் வித்தையின் உச்சம்.

தனியாக இறங்குவதில் ஒரு சுகம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒற்றையடிப் பாதையின் குணம் கூட்டத்தில்தான் வெளிப்படும். ஒருவருக்குப் பின் ஒருவராகத்தான் போக முடியும் என்பதால் முன்னே போகிறவர் பின்னே வருகிறவர்களுக்கும் சேர்த்துப் பார்க்கிறார். ‘வேர்’, ‘கான்’, ‘ஆள்’ என்று ஒற்றைச் சொல்லாக அவர் குரல் கொடுக்க, அடுத்தவர் அதையே சொல்ல, சொல் வரிசை நெடுக மேலே ஏறும். தேயிலை மலையில் நிரை பிடித்துக் கொழுந்து எடுக்கும் பெண்கள் ஒருவர் பின்தங்காமல் ஒருவர் முந்தாமல் நகர்வதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஒழுங்கு புதிதாக இராது. பாதை பிரியும் இடத்தில் கடைசி ஆள் வந்து சேரும்வரை எல்லோரும் நிற்க வேண்டும். அந்தக் கடைசி ஆள் குழுவிலேயே அனுபவம் மிக்கவராக இருப்பது நல்லது. டியூப் மாற்றுவதும் தளர்ந்தவரைத் தேற்றுவதும் அவர் வேலை. வேகத்தை முடிவு செய்ய வேண்டியவர் குழுவில் மெதுவாக வருகிறவர். முன்னால் போகிற கெட்டிக்காரருக்கு அந்த உரிமை கிடையாது. இதை ஏற்காத குழுவோடு நான் இறங்க மாட்டேன்.

காட்டின் கீழ் விளிம்பில் நிற்கும்போது சில நாட்களில் ரயில் வரும். எல்லப் பக்கமிருந்து வந்து நிலையத்தில் நிற்பது ஒரு திசையில் கேட்கும். புறப்பட்டு, சுற்றி, சற்று நேரத்தில் முற்றிலும் வேறு திசையிலிருந்து, தாழ்ந்த இடத்திலிருந்து, சுரங்கத்துக்குள் நுழையும் ஓசை எழும்பும். நாங்கள் இறங்கி வந்த அதே சரிவைத்தான் அதுவும் தன் கணக்குப்படி இறங்குகிறது.

ஊவாவுக்குக் காற்றும் மழையும் தனி. ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை கச்சான் காற்று வறட்டிக்கொண்டு வீசும். ஊவாத் தேயிலைக்கு அந்தப் பேர்போன மணம் ஏறுவது அந்த மாதங்களில்தான். பாதையோ அப்போது பொடியாகிப் பிடிப்பை இழந்துவிடும். வடகீழ்ப் பருவமழையில் சேறும் அட்டையும். பெப்ரவரி, மார்ச்சில் மண் இறுகி, அடியில் ஈரம் மிச்சமிருக்கும்போது டயர் கடிப்பதுபோல் வேறெப்போதும் கடிக்காது.

மண்ணைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2014 அக்டோபர் 29 காலை இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில், மலை சரிந்து லயங்களை மூடியது. மழைத்தண்ணீர் எந்த வழியில் இறங்குகிறது என்பது இங்கே உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஈர மண்ணில் பூட்டிய சக்கரம் கீறும் கோடு அடுத்த மழையில் வாய்க்காலாகும். பாதையை ஒழுங்காக வைத்திருந்தவர்களின் உழைப்பு அந்த வாய்க்காலில் போகும். கண்டியில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீகோ நடைபாதை, 22 கட்டங்களாக முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல், எல்ல, தெமோதரை வழியாகவும் போகிறது. தோட்டத்துப் பழைய பாதைகளை இணைத்தே அதை அமைத்தார்கள். அதனால் வருகிறவர்கள் பெருகுகிறார்கள், பெருகட்டும். பாதை தாங்க வேண்டும்.

எனவே இங்கே சைக்கிளோடு வர நினைப்பவர்களிடம் சில வேண்டுகோள்கள். தோட்டத்து அலுவலகத்தில் சொல்லி அனுமதி வாங்குங்கள். தண்டவாளத்தில் உருட்டாதீர்கள். குளவிக் கூடு எந்த மரத்தில் என்பதைக் கொழுந்து எடுக்கும் அக்காமாரிடம் கேளுங்கள். ‘அந்தப் பக்கம் போகாதீங்க தம்பி’ என்று சொன்னால் போகாதீர்கள். கொழுந்து மூட்டையோடு எதிரே வருகிறவரைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கி, மேட்டுப் பக்கத்தை அவருக்குக் கொடுத்துவிட்டுப் பள்ளப் பக்கம் நில்லுங்கள். மழை விட்டு இரண்டு நாளாவது ஆகாமல் பாதையில் சக்கரம் வைக்காதீர்கள்.